இல்லாத பெயர்களைத் தேடிய யோகண்ணை

அன்று காலை சூரிச்சுக்குப் பக்கத்து டீட்டிகோனில் ரயில் ஏறி உட்கார்ந்ததும் கைபேசியைப் பார்த்தேன். சுவிஸில் வாழும் எங்கள் ஊரவர் ஒன்றியத்தின் வாட்ஸ்அப் குழுவில் யாரோ 'ஆழ்ந்த அனுதாபங்கள்' என்று எழுதி, எரியும் விளக்கின் படம் ஒன்றையும் போட்டிருந்தார். யாருக்கு என்று எழுதவில்லை. அதன் கீழே கைகூப்பிய படங்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. எங்கள் ஆட்களின் இந்தப் பழக்கம் எனக்கு எப்போதும் எரிச்சல் தருவது. செத்தது யார் என்று தெரியாமலே அஞ்சலி செலுத்தி முடித்துவிடுவோம். இப்படியான வேளைகளில் வழக்கமாகச் செய்வதையே அன்றும் செய்தேன். யோகண்ணைக்கு அழைத்தேன்.

"யோகண்ணை, ஆர் மோசம் போனது?"

மறுபக்கத்தில் அவருடைய மனைவி மொய்ரா அக்காவின் குரல் கேட்டது.

"வசந்தி, யோகாதான்."

ரயில் ஷ்லீரனில் நின்றபோது இறங்கிவிட்டேன். வேலையிடத்துக்கு இன்னும் தூரம் இருந்தது. ஆனால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எதிர்ப்பக்க மேடைக்குப் போய், அடுத்த ரயிலுக்குக் காத்திருக்கும் நேரம் முழுக்க அந்த மேடையின் நீளத்தை நடந்து அளந்தேன். அவர்கள் வீட்டுக்குப் போனபோது மொய்ரா அக்கா சொன்னதைக் கேட்டு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. விடிந்ததிலிருந்து அந்தக் கைபேசி ஓயவில்லையாம். செத்தது யார் என்று கேட்டு ஊர்ச்சனம் முழுக்க யோகண்ணைக்கே அழைத்திருக்கிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருப்பவர்களில் பலர் அன்று அப்படி அழைத்தவர்கள்தான். வெட்கப்பட ஒன்றுமில்லை. நானும் அதில் ஒருத்தி.

அவரை அதிகம் அறியாத இளையவர்களுக்காகச் சிலவற்றைச் சொல்லவேண்டும். யோகநாதன் என்பது முழுப்பெயர். அகதியாக ஜெனீவாவுக்கு வந்தவர். அங்கே ஒரு சர்வதேச அலுவலகத்தின் சிற்றுண்டிச்சாலையில் சமையல் உதவியாளராக வேலை செய்தார். பொஸ்டன் பக்கத்திலிருந்து அந்த அலுவலகத்துக்கு மொழிபெயர்ப்பு வேலைக்கு வந்த மொய்ரா அக்கா, தினமும் சூப்பில் உப்புக் கூடிவிட்டது என்று முறைப்பாடு சொல்லி, கடைசியில் அவரையே கல்யாணம் கட்டினார். இருவரும் டீட்டிகோனுக்கு வந்தபின் யோகண்ணை ஒரு களஞ்சியத்தில் ஓய்வு பெறும்வரை வேலை செய்தார். பிள்ளைகள் இல்லை. எங்கள் ஒன்றியத்தின் செயலாளராக அவர் இருந்த காலத்தில்தான் என்னைப் போன்ற பெண்கள் கூட்டங்களில் வாய் திறக்கத் தொடங்கினோம். அவருக்குப் பிறகு அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

ஓர் இடத்தில் இருக்கமாட்டார். அதுதான் அவரைப் பற்றி எல்லோருக்கும் முதலில் நினைவு வருவது. கூட்டத்தில் கதவோரம் நிற்பார். சாப்பாட்டுக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு மண்டபத்தைச் சுற்றி வருவார். "இருங்கோ அண்ணை, பார்க்கிற எங்களுக்குக் கால் உளையுது" என்று ஒருநாள் சொன்னேன். "இருந்தால் யோசினை வரும் தங்கச்சி, நிண்டால் வேலை நடக்கும்" என்றார். அட்லிஸ்வில் முருகன் கோயில் திருவிழாவில்கூட அவர் சாமியோடு சேர்ந்து சுற்றினாரா, சாமி அவரோடு சேர்ந்து சுற்றியதா என்று நாங்கள் பகிடி பண்ணுவோம்.

எங்கள் ஊரவர் யார் இறந்தாலும் மரண அறிவித்தலை அவர்தான் எழுதினார். அதன் அமைப்பு உங்களுக்குத் தெரியும். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன இடத்தை வதிவிடமாகவும் கொண்டவர், இன்னாரின் அன்பு மகன், இன்னாரின் பாசமிகு கணவர் என்று தொடங்கி, மருமக்கள், மைத்துனர், சகலன், சம்பந்திவரை ஒருவரையும் விடாமல் போடுவோம். ஒருவர் பெயர் அதில் இல்லையென்றால் சனம் உடனே கண்டுபிடித்துவிடும். ஏதோ சண்டை, பேச்சுவார்த்தை இல்லை, காணிப் பிரச்சினை என்று கதை கிளம்பும். பெரும்பாலும் அந்தக் கதை உண்மையாகவும் இருக்கும். ஒருமுறை ஒரு பெரியவரின் அறிவித்தலுக்கு மகன்மார் அனுப்பிய பெயர்களில் மூத்த மகள் இல்லை. விருப்பத்துக்கு மாறாகக் கல்யாணம் செய்துகொண்டவர் அவர். யோகண்ணை அறிவித்தலை வெளியிட மறுத்தார். "உங்கட கோவத்தை உங்கட வீட்டுக்கை வையுங்கோ. இதிலை அவர் தேப்பன், அவ மகள்" என்று தொலைபேசியில் சத்தம் போட்டார். இறுதிக்கிரியையில் அந்த மகள் வெள்ளைச் சேலையோடு முன்வரிசையில் நின்றதை நானும் பார்த்தேன்.

"அறிவித்தலிலை இருக்கிற பேரை ஆரும் வாசிப்பினம். இல்லாத பேரைத்தான் நாங்கள் வாசிக்கவேணும்." இது அவர் எனக்கு அடிக்கடி சொன்னது. இந்த வாசிப்புத்தான் பிறகு அவரை ஒரு பெரிய பிழையில் கொண்டுபோய் விட்டது.

மொய்ரா அக்காவின் முன்னோர் அயர்லாந்துக்காரர். அவருடைய பூட்டன் டேனியல், மனைவி ஹொனோராவையும் பிள்ளைகளையும் ஊரில் விட்டுவிட்டு அமெரிக்காவுக்கு முதலில் போனவர். உழைத்துக் கூப்பிடுவதாகச் சொன்னவரிடமிருந்து சில கடிதங்கள் வந்தன. பிறகு ஒன்றுமில்லை. ஹொனோரா காத்திருந்து பார்த்துவிட்டுப் பிள்ளைகளோடு தானே கப்பலேறி வந்தார். கணவரைக் கண்டுபிடிக்கவில்லை. உடுப்புத் தோய்த்துக் கொடுத்துப் பிள்ளைகளை வளர்த்தார். டேனியல் குடும்பத்தைக் கைவிட்டு ஓடினவர் என்றே அந்த வீட்டில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்தார்கள். ஹொனோராவின் கல்லறையில் கணவர் பெயர் இல்லாமல் அவருடைய பெயர் மட்டும் தனியாக இருந்தது. மூன்று வருடங்களுக்கு முன் அந்தக் கல் வெடித்துப்போக, அமெரிக்காவில் உள்ள அக்காவின் ஒன்றுவிட்ட சகோதரர்கள் புதிய கல் வைக்க முடிவெடுத்தார்கள். அதில் டேனியலின் பெயரையும் பொறிப்பதா வேண்டாமா என்று குடும்பத்தில் மூத்தவரான மொய்ரா அக்காவிடம் கேட்டார்கள். அவர் தன் கணவரைப் பார்த்தார்.

அப்போதுதான் யோகண்ணை ஓய்வு பெற்றிருந்தார். ஓய்வு அவருக்கு ஒரு நோய் மாதிரி இருந்தது. டேனியல் என்ன ஆனார் என்று தேடும் இந்த வேலை கிடைத்ததும் ஆள் உயிர்த்தெழுந்துவிட்டார். அந்தக் காலத்தில் அமெரிக்காவுக்குப் போன அயர்லாந்துக்காரர்கள் நகரத்துக்கு நகரம் சகோதர சங்கங்கள் வைத்திருந்தார்கள். நோய் வந்தால் பார்க்கப் போவது, செத்தால் சுமந்துகொண்டுபோய் அடக்கம் செய்வது எல்லாம் சங்கத்தின் வேலை. அவற்றின் பதிவேடுகளை ஒரு நூலகம் படம் பிடித்து இணையத்தில் போட்டிருந்தது. அதை யோகண்ணை தலைகீழாகப் படித்தார். "இது எங்கட ஒன்றியமேதான் தங்கச்சி. தொப்பியும் பட்டியும்தான் வேறை" என்று என்னைக் காணும்போதெல்லாம் சொன்னார். சட்டையில் குத்தும் அவர்களுடைய பட்டியின் ஒருபக்கம் பச்சை, மறுபக்கம் கறுப்பு. கொண்டாட்டத்துக்குப் பச்சை வெளியே தெரியக் குத்துவார்கள். செத்தவீட்டுக்கு அதையே திருப்பிக் குத்திக்கொண்டு போவார்கள். "எவ்வளவு வசதி பாரும்! எங்களுக்கு இது தோணேல்லையே!" என்று அவர் ஆதங்கப்பட்டதைக் கேட்க எனக்குச் சிரிப்பாக வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட வரச்சொன்னார்கள். போனபோது டேனியலைக் கண்டுபிடித்துவிட்டார். குடும்பம் நினைத்ததற்கு மாறாக, டேனியல் எங்கும் ஓடவில்லை. ஹொனோரா கப்பலேறுவதற்கு முன்பே வேறொரு நகரத்தில் நெஞ்சு நோயால் செத்துப்போயிருக்கிறார். சங்கம் அவருக்கு இரங்கல் தீர்மானம் ஒன்று நிறைவேற்றியிருந்தது. நல்ல மனிதர், உண்மையான சகோதரர், அவர் இழப்பில் எங்கள் மண்டபம் கறுப்புத் துணி போர்த்துகிறது என்றெல்லாம் அதில் இருந்தது. மொய்ரா அக்காவின் முகம் மலர்ந்திருந்தது. யோகண்ணையின் முகம் மலரவில்லை.

"ஏன் அண்ணை ஒருமாதிரி இருக்கிறியள்?"

"நல்லாப் பாரும். பெண்சாதி பேர் இல்லை. பிள்ளையளின்ரை பேர் இல்லை. அனுதாபம் ஆருக்குச் சொல்லியிருக்கினம்? ஒருத்தருக்கும் இல்லை." ஒரு சுற்று நடந்துவிட்டு வந்தார். "தான் தனியாள் எண்டு சொல்லித்தான் அந்தாள் அங்கை இருந்திருக்கிறான். மனுசி இருக்கெண்டு தெரிஞ்சிருந்தால் சங்கம் அவவுக்கு அறிவிச்சிருக்கும். அறிவிக்கேல்லை. அப்ப என்ன அர்த்தம்?"

மொய்ரா அக்காவுக்கு யாழ்ப்பாணத் தமிழ் நன்றாக விளங்கும். கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தார். ஹொனோரா தோய்த்த உடுப்புகளைப் பற்றி தன் அப்பா சொல்லும் கதைகளை எனக்கும் சொல்லியிருக்கிறார். அன்று மாலையே ஒன்றுவிட்ட சகோதரர்களுக்கு எழுதிவிட்டார். கல்லில் டேனியலின் பெயர் வேண்டாம். சில மாதங்களில் ஹொனோராவின் பெயரை மட்டும் தாங்கிய புதிய கல் நடப்பட்டது.

இதோடு முடிந்திருந்தால் யோகண்ணை யோகண்ணையாக இருந்திருக்கமாட்டார். வேலை முடிந்த பிறகும் அந்தப் பதிவுகளை விடவில்லை. தொடர்கதை வாசிப்பவர்போல ஒவ்வொரு கூட்டமாக வாசித்துக்கொண்டே போனார். ஒருநாள் மதிய இடைவேளையில் நான் வேலை செய்யும் கடையின் பின்வாசலில் வந்து நின்றார். சப்பாத்துக் கயிறுகூடக் கட்டியிருக்கவில்லை. யாரோ செத்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன்.

"தங்கச்சி, நான் பிழை விட்டிட்டன்."

"என்ன நடந்தது?"

"அதிலை இன்னொருத்தன் இருக்கிறான். அவன்ரை மனுசி ஆண்டு விழாவுக்குச் சமைச்சவ எண்டு சங்கம் நன்றி சொல்லியிருக்கு. பேர் போட்டுச் சொல்லியிருக்கு. பிறகு அவன் சாகிறான். இரங்கல் தீர்மானத்திலை அந்த மனுசி இல்லை! சாப்பிடேக்கை மனுசி இருந்தவ, சாகேக்கை இல்லை. நான் எல்லாத் தீர்மானத்தையும் எடுத்துப் பார்த்தன். ஒண்டிலையும் ஒரு பெண்சாதி இல்லை. எல்லாம் ஒரே வசனம். செத்தவன்ரை பேரை மட்டும் மாத்தியிருக்கிறாங்கள்."

எனக்கு விளங்கியது. எங்கள் மரண அறிவித்தலை வாசிக்கும் கண்ணால் அயர்லாந்துக்காரரின் தீர்மானத்தை வாசித்திருக்கிறார். எங்களிடம் ஒரு பெயர் விடுபட்டால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். அவர்களிடம் அது வெறும் வழக்கம். மனைவியின் பெயரைப் போடவேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை. உலகத்தில் வேறு எவரும் அந்தக் காகிதத்தைப் பார்த்து டேனியல் மீது குற்றம் கண்டிருக்கமாட்டார்கள். எங்கள் ஊர்ச் செயலாளர் ஒருவருக்குத்தான் அது குற்றமாகத் தெரிந்திருக்கும்.

மொய்ரா அக்காவிடம் சொல்ல என்னையும் கூட்டிக்கொண்டு போனார். தனியே போகப் பயம். அக்கா முழுவதையும் கேட்டார். கோபப்பட்டால் ஆங்கிலத்துக்குப் போய்விடுவார் என்று எங்களுக்குத் தெரியும். அன்று தமிழிலேயே பேசினார்.

"அப்ப ஏன் யோகா, ஹொனோராவுக்கு ஒருத்தரும் எழுதேல்லை?"

யோகண்ணை கதவுவரை போய்த் திரும்பி வந்தார்.

"முதல் நீங்கள் எனக்கு ஒரு கெட்ட மனுசனைத் தந்தீங்கள். இப்ப அவரையும் எடுத்திட்டீங்கள். எனக்கு ஒருத்தரும் வேண்டாம். ஹொனோரா தனியத்தானே இருந்தவ. தனியவே இருக்கட்டும்."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. குற்றம் பொய் என்று ஆனதால் டேனியல் நல்லவர் என்று ஆகிவிடாது. ஆனால் யோகண்ணையால் அதைத் தாங்க முடியவில்லை. செத்த மனிதன் ஒருவனுக்குத் தன் வாயால் தண்டனை கொடுத்துவிட்டேன் என்று மருகினார். அந்தச் சங்கத்தின் செயலாளர் மீது அவருக்கு வந்த கோபம் சொல்லி முடியாது. நூறு வருடத்துக்கு மேலாக மண்ணுக்குள் கிடக்கிற அந்த மனிதனைத் தொலைபேசியில் பிடிக்க முடிந்திருந்தால் பிடித்திருப்பார். "அவன்தானே அறிவிக்கவேண்டியவன்! டேனியலிட்டை வீட்டு விலாசம் கேட்டு வைச்சிருக்கவேண்டாமோ? செயலாளர் எண்டால் மறக்கலாமோ?" என்று லிம்மாற் ஆற்றங்கரையில் என்னோடு நடந்தபடி கேட்டார். "மறந்திருப்பான் அண்ணை, மனுசன்தானே" என்றேன். நின்று என்னைப் பார்த்தார். "இதைமட்டும் நீர் சொல்லாதையும். மறக்கிறது செயலாளருக்கு இல்லை" என்றார். அவர் என்னோடு முகம் கொடுத்துப் பேசாமல் நடந்த ஒரே நாள் அதுதான்.

அதற்குப் பிறகு சாகும்வரை அந்த ஒரு கேள்வியோடுதான் அலைந்தார். ஹொனோராவுக்கு ஏன் ஒருவரும் எழுதவில்லை? அயர்லாந்தின் தேவாலயப் பங்குத்தந்தையருக்கு மின்னஞ்சல் எழுதினார். அந்தச் செயலாளரின் பேரப்பிள்ளைகள் எங்காவது இருக்கிறார்களா என்று தேடினார். ஒன்றும் கிடைக்கவில்லை. நெஞ்சுக்கு மருந்து எடுக்கும் மனிதர் இப்படி அந்தரப்படலாமா என்று நான் ஏசினேன். மொய்ரா அக்கா, "யோகா, இருங்கோ" என்று கெஞ்சினார். அவர் இருக்கவில்லை. கடைசி நாள் காலையும் தேநீரோடு நடந்துகொண்டிருந்தபோதுதான் விழுந்திருக்கிறார். எனக்கு அவர் மேல் இன்னும் கோபம் இருக்கிறது. ஒரு நாளாவது ஒரு கதிரையில் முழுதாக உட்கார்ந்திருக்கலாம்.

அவருடைய மரண அறிவித்தலை எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. அடுத்த நாள் பின்னேரம் மொய்ரா அக்காவோடு சமையலறை மேசையில் இருந்து எழுதினேன். யோகண்ணையின் பெற்றோர், சகோதரர், அவர்கள் பிள்ளைகள் எல்லாரும் எனக்குத் தெரிந்தவர்கள். அக்காவின் பக்கத்தைக் கேட்டேன். காலஞ்சென்ற பெற்றோரின் பெயர்களைச் சொன்னார். அவர்களின் அன்பு மருமகன் என்று எழுதினேன். மைத்துனர் யார் என்று கேட்க, அக்கா யோசித்து, ஒன்றுவிட்ட சகோதரர்களின் பெயர்களைச் சொன்னார். எழுதி முடித்து மெதுவாக வாசித்துக் காட்டினேன். தலையாட்டினார். திரும்ப ஒருதரம் வாசித்தேன். அதற்கும் தலையாட்டினார். குழுவுக்கு அனுப்பக் கைபேசியை எடுத்தேன்.

அந்த நேரம் மொய்ரா அக்காவின் கைபேசி அடித்தது. கெவின். அவருடைய ஒரே தம்பி. செய்தி கேட்டவுடன் கிடைத்த விமானத்தில் ஏறி வந்து, இப்போது சூரிச் விமான நிலையத்தில் நின்றுகொண்டு டீட்டிகோனுக்கு எந்த ரயிலில் ஏறவேண்டும் என்று கேட்கிறார். ஒவ்வொரு கோடையும் இங்கே வந்து நிற்பவர். யோகண்ணையோடு சேர்ந்து ஆட்டிறைச்சிக் கறி வைப்பவர். ஒன்றியத்தின் விளையாட்டுப் போட்டியில் கயிறிழுத்தவர். எனக்கு நன்றாகத் தெரிந்தவர். அறிவித்தலில் அவர் பெயர் இல்லை.

அக்கா ரயிலைச் சொல்லிவிட்டுக் கைபேசியை வைத்தார். என் முகத்தைப் பார்த்தார். நான் அறிவித்தலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அதை வாங்கி வாசித்தார். யோகண்ணை விழுந்ததிலிருந்து அழாதவர் அப்போதுதான் அழுதார்.

"கெவின் இல்லை வசந்தி. நான் கெவினை விட்டிட்டன். எனக்கு அவனிலை ஒரு கோவமும் இல்லை. அவன்தான் எனக்கு மிச்சம் இருக்கிறவன்."

"நானும்தான் அக்கா விட்டனான். ரெண்டுதரம் வாசிச்சனான்."

பிறகு அக்கா கேட்டார். "அந்தச் செயலாளரும் இப்பிடித்தானோ? ஆரையோ அவசரமா அடக்கம் செய்யவேண்டியிருந்திருக்கும். நாளைக்கு எழுதுவம் எண்டு விட்டிருப்பானோ?"

எனக்குத் தெரியாது. ஒருவருக்கும் தெரியாது. இனித் தெரியப்போவதும் இல்லை. ஆனால் யோகண்ணை ஒப்புக்கொள்ளவே மறுத்த ஒன்று அன்று எங்கள் கண்முன்னே நடந்தது. அவருக்குப் பிறகு வந்த செயலாளர் மறந்தாள். அவருடைய மனைவியும் மறந்தார். இருவருமே அன்பு குறைந்தவர்கள் அல்லர். நான் கெவினின் பெயரை முதல் மைத்துனராகப் போட்டு அறிவித்தலை அனுப்பினேன். மொய்ரா அக்கா அதே மேசையில் இருந்து ஒன்றுவிட்ட சகோதரர்களுக்கு எழுதினார். கல்லில் டேனியலின் பெயரையும் பொறியுங்கள். ஹொனோராவின் கணவர் என்று போடுங்கள். வேறொன்றும் வேண்டாம்.

சென்ற வாரம் அந்தக் கல்லின் படம் வந்தது. பழைய எழுத்துகளுக்குக் கீழே புதிய எழுத்துகள் வெள்ளையாகத் தெரிகின்றன. அக்கா அதை யோகண்ணையின் படத்துக்கு முன்னால் பிடித்துக் காட்டினார். நான் அங்கே நிற்க முடியாமல் வெளியே போய்விட்டேன்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது என்னவென்று கேட்டால், நிம்மதியில்லாமைதான். அதை அவர் எனக்கு எழுதிவைத்துவிட்டுப் போகவில்லை. தானாகத் தொற்றிவிட்டது. இப்போது ஒரு மரண அறிவித்தல் எழுதி முடித்தால் எனக்கு இருப்புக் கொள்வதில்லை. எழுந்து நடக்கிறேன். செத்தவரின் வீட்டுக்குத் திரும்ப அழைத்து, "இன்னும் ஆர் இருக்கினம்? ஆறுதலா யோசிச்சுச் சொல்லுங்கோ, நான் நிக்கிறன்" என்கிறேன்.